நாலரைச் சங்கு

நான் திருடினேன். பணமோ பொருளோ அல்ல, நேரம். ஒரு தேயிலைத் தோட்டத்தின் வேலை நேரத்திலிருந்து, வாரத்துக்கு ஒரு நிமிடமாக, யாருக்கும் சொல்லாமல், தெரிந்தே திருடினேன்.

அதற்காக வருந்துகிறேனா? இல்லை! முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கும் ஒருத்தியைப் பார்க்கலாம் என்று நீங்கள் இதைத் திறந்திருந்தால் இப்போதே மூடி வைத்துவிடலாம். நாளைக்கே அதே இடத்தில் என்னை உட்கார வைத்தாலும் அதையேதான் செய்வேன்.

ஆனால்... அந்தத் திருட்டை மறைக்க ஒரே ஒரு தடவை தலையாட்டினேன். உண்மையில் அதைச் சொல்லத்தான் வந்தேன். பாருங்கள், வந்ததை நேராகச் சொல்ல நாக்கு எழவில்லை. திருட்டைச் சொல்வது எவ்வளவோ எளிதாக இருக்கிறது.

என் பெயர் ஜெசிந்தா. ஹட்டனில் ஒரு இரும்புக்கடையின் பின்கட்டில் வேலை செய்கிறேன். முன்பக்கத்தில் முதலாளி ஆணியும் குழாயும் வயரும் விற்பார். பின்பக்கத்துப் பட்டறையில் நாங்கள் மின்பலகைகள் கட்டுவோம். தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு, பால் சேகரிக்கும் இடங்களுக்கு, நுவரெலியாப் பக்கம் கரட் கிழங்கு கழுவும் இடங்களுக்கு என்று எங்கள் பலகைகள் போகும். அந்தப் பலகைக்குள் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். பிஎல்சி என்போம். அதற்கு எழுதுவது என் வேலை.

பெயரைக் கேட்டுப் பெரிதாக ஏதோ நினைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினால் அடங்கிவிடும் சாம்பல் நிறப் பெட்டி, அவ்வளவுதான். மேல் வரிசைத் திருகுகள் வழியாகச் சேதி உள்ளே வரும்: சூடு இவ்வளவு, ஈரம் இவ்வளவு. கீழ் வரிசை வழியாகக் கட்டளை வெளியே போகும்: விசிறியே ஓடு, அடுப்பே நில். நடுவில் இருப்பது நான் எழுதியது. அதை ஏணி மாதிரி வரைவோம். ஒவ்வொரு படியும் ‘இப்படி இருந்தால் இப்படிச் செய்’ என்ற ஒரு கட்டளை. பெட்டி மேல்படியிலிருந்து கடைசிப் படி வரை வாசித்துவிட்டு மறுபடி மேலே போகும். அலுத்துக்கொள்ளாது, எதிர்த்துப் பேசாது. எழுதியவள் யோக்கியமானவளா என்றும் பார்க்காது.

கந்தப்பளைப் பக்கத்தில் ஒரு தோட்டம். நான் பிறந்த லயம், தொழிலாளர் குடியிருப்பு வரிசை, அங்கேதான் இருக்கிறது. அந்தத் தோட்டத்துத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அங்கே கொழுந்தை வாட்டும் நீண்ட தொட்டிகளுக்கு அடியில் பெரிய விசிறிகள் ஓடும். மழைநாளிலும் வெயில்நாளிலும் ஒரே மாதிரி ஓடி, கொழுந்தையும் கெடுத்து, கரண்டையும் தின்றுகொண்டிருந்தன. தோட்டத்தை நிர்வகிக்கும் துரை கொழும்பிலிருந்து ஆள் வரவழைத்து அதைத் தானியங்கியாக மாற்றலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். அப்போது ஸ்டோரின் பொறுப்பிலிருந்த விக்டர் ஐயா ஒரு வார்த்தை சொன்னாராம்.

“நம்ம லயத்துப் புள்ள ஒண்ணு ஹட்டன்ல இந்த வேலதாங்க தொரை செய்யுது. ஒரு தடவ கூப்பிட்டுப் பாப்போமே.”

அந்த ஒரு வார்த்தையில்தான் அந்த ஸ்டோருக்குள் நுழைந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் எங்களுக்கு முன்வரிசையில் முழந்தாளிடும் மனிதர் அவர். என் அம்மாவுக்கு அவரைத் தெரியும் என்பதற்கு மேல் எங்களுக்குள் எந்தப் பழக்கமும் இல்லை. சொல்லவேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. சொன்னார்.

வேலை நன்றாக முடிந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை... ஏன், பெருமைக்குத்தான் சொல்கிறேன்! ஈரத்தைப் பார்த்து விசிறி தானாக ஓடியது, தானாக நின்றது. கொழுந்து பதமாக வாடியது. ஒரு லயத்துப் பெண் எழுதிய ஏணியில் துரையின் ஸ்டோர் ஏறி இறங்கியது. பெட்டியின் கீழ் வரிசையில் ஒரு திருகு மட்டும் மீதமிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத் துரை, “சங்கையும் இதிலேயே போட்டுருவோம்” என்றார்.

சங்கு என்றால் ஊதும் வெண்சங்கு அல்ல. ஸ்டோர் கூரையில் இருக்கும் சைரன். தோட்டத்தில் அதுதான் மணி. எல்லாரிடமும் போன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது! மலையில் நிற்கும் பெண்ணின் இடுப்புப் பையிலும் இருக்கிறது. போனில் நாலரை ஆகியிருக்கும், ஆனாலும் கை கொழுந்தை விடாது. கங்காணி ஒரே கேள்விதான் கேட்பார்: “சங்கு ஊதிருச்சா?” ஊதும்வரை அது வேலை நேரம்.

அதுவரைக்கும் விக்டர் ஐயாதான் ஒரு பட்டனை அமுக்கிச் சங்கை ஊதவைப்பார். காலைச் சங்கு ஒருநாளும் பிந்தியதில்லை. மாலைச் சங்கு ஒருநாளும் நேரத்துக்கு ஊதியதில்லை. பங்களாவிலிருந்து போன் வரவேண்டும், மேல்மலைக் கொழுந்து வந்து சேரவேண்டும், ஏதாவது ஒரு காரணம் இருக்கும். சங்கு அப்படித்தான் என்று எல்லாரும் பழகியிருந்தார்கள். நானும்தான்.

சங்குக்கான படியை எழுத உட்கார்ந்தபோது துரை என் பின்னால் வந்து நின்றார்.

“நாலரைன்னு போடாதீங்க. நாலு முப்பத்தஞ்சுன்னு போடுங்க. மெசின் தானே, யாரும் கேக்க மாட்டாங்க.”

“சரிங்க சேர்” என்றேன். பக்கத்தில் நின்ற விக்டர் ஐயா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஐந்து நிமிடம் உங்களுக்குச் சின்னதாகத் தெரியலாம். சங்கு ஊதியதும் வேலை முடிந்துவிடாது. கூடையைச் சுமந்துகொண்டு கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு இறங்கவேண்டும், அங்கே வரிசையில் நிற்கவேண்டும், மறுபடி லயத்துக்கு ஏறவேண்டும். அதற்குப் பிறகு குடத்தோடு மலைத்தண்ணீர் விழும் பீலிக்குப் போகவேண்டும், ஏனென்றால் லயத்துக்கு வேறு தண்ணீர் இல்லை. பிந்தினால் வரிசையின் கடைசி. கடைசி என்றால் இருட்டு. அப்படி ஒரு இருட்டில்தான் என் அம்மா நிறைகுடத்தோடு பாசிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டாள். இன்றைக்கும் ஒரு காலைச் சாய்த்துத்தான் மலையேறுகிறாள். இதைக் காரணமாகச் சொல்லவில்லை. உங்கள் இரக்கத்தைச் சம்பாதிக்க அம்மாவின் இடுப்பைக் காட்ட எனக்கு விருப்பமில்லை. கோபம் வந்தது, செய்தேன். அவ்வளவுதான்!

துரை சொன்னபடியே நாலு முப்பத்தைந்து என்று போட்டேன். அவர் திரையைப் பார்த்துத் திருப்தியாகப் போனார். அவர் போனபிறகு ஏணிக்குக் கீழே இன்னொரு படி எழுதினேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் மாலைச் சங்கின் நேரத்தில் ஒரு நிமிடத்தைக் கழி. நாலு இருபதுக்கு வந்ததும் நிறுத்து.

மெசின் தானே... யாரும் கேட்க மாட்டார்கள்.

யாரும் கேட்கவும் இல்லை! அதுதான் அதிசயம். அத்தனை பேர் மலையில் நின்றார்கள், அத்தனை போன்கள் இருந்தன. சங்கு நாலரையைத் தொட்டது, தாண்டியது, முந்தியது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. லயத்துக்குப் போயிருந்த ஒரு நாள் அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

“இப்பல்லாம் சங்கு முந்தி ஊதுது ஜெசி. யாரும் எங்கயும் பேசக்கூடாதுன்னு மலையில சொல்லி வெச்சிருக்கோம். நீயும் டவுன்ல போயி ஒளறிடாத.”

“நான் ஏன் பேசப்போறேன்?” என்றேன். சிரிப்பை அடக்க அன்றைக்கு நான் பட்டபாடு!

அந்த நிமிடங்களை அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஸ்டோரின் மேல்மாடியில் கொழுந்துத் தொட்டிகளைச் சோதிக்கப் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். வெளிச்சம் இருக்கும்போதே பீலியில் குடங்கள் நிறைந்தன. ஒருத்தி தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஆற அமரச் சீவிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி கல்லின்மேல் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் செய்யவில்லை. கையை மடியில் போட்டுக்கொண்டு எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை எந்தச் சம்பளமும் தந்ததில்லை.

சொல்லுங்கள், இதற்கு நான் வெட்கப்படவேண்டுமா? வருஷக்கணக்காக மாலைச் சங்கைப் பிந்த வைத்தவர்களிடம் நீங்கள் ஒப்புதல் வாக்குமூலம் கேட்டதுண்டா? காலையில் உங்கள் கையிலிருந்த கோப்பையில் எத்தனை பேரின் இருட்டுப் படிகள் இருந்தன என்று எண்ணிப் பார்த்ததுண்டா? என்னிடம் மட்டும் ஏன் கணக்குக் கேட்கிறீர்கள்?

சரி... நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஸ்டோரைப் பார்த்துவிட்டு இன்னும் சில தோட்டங்கள் எங்களைக் கூப்பிட்டன. கொட்டகலையில் ஒன்று, இறம்பொடைப் பக்கம் ஒன்று. விசிறிக்கான ஏணியை அப்படியே எடுத்துப் போட்டேன். கடைசிப் படியையும் சேர்த்துத்தான் போட்டேன்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது கந்தப்பளைத் தோட்டத்துத் துரை மாறினார். புதிய துரை சுறுசுறுப்பானவர், எதையும் நேரில் பார்க்க ஆசைப்படுபவர். ஒரு மாலை மடுவத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். சங்கு ஊதியது. பேச்சை நிறுத்திவிட்டுப் போன் திரையைப் பார்த்தார். நேராக ஸ்டோருக்குப் போய் விக்டர் ஐயாவிடம் பலகையைத் திறக்கச் சொன்னார். பெட்டியின் திரையில் மாலைச் சங்கு நாலு இருபது என்று இருந்தது.

மறுநாள் காலையில் முதலாளியின் வேனில் நாங்கள் இருவரும் போனோம். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. எனக்குப் பயம் இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் பயத்துக்கு மேலே ஒரு திமிரும் இருந்தது. பிடிபட்டால் துரையின் முகத்தைப் பார்த்து ‘ஆமாம், நான்தான்’ என்று சொல்லுவேன் என்று மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பலகையின் முன்னால் துரை நின்றார். அவருக்குப் பக்கத்தில் விக்டர் ஐயா, கையில் சாவிக்கொத்தோடு. துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முதலாளியிடம் திரும்பி, எனக்குப் புரியாது என்று நினைத்து ஆங்கிலத்தில், இதற்குக் கொழும்பிலிருந்து ஒழுங்கான ஆளைக் கூப்பிட்டிருக்கவேண்டும், லயத்துப் பெண்ணை வைத்து விளையாடியிருக்கக் கூடாது என்றார்.

எனக்குப் புரிந்தது. காது இரண்டும் சூடாகிவிட்டன. வேனில் ஒத்திகை பார்த்த வார்த்தை எங்கோ போய்விட்டது.

துரை தமிழுக்கு வந்தார். “நாலு இருபதுன்னு மெசின் தானா போட்டுக்கிச்சா, இல்ல ஆள் போட்டாங்களா? அத மட்டும் சொல்லுங்க.”

நான் வாய் திறப்பதற்குள் விக்டர் ஐயா பேசினார். என்னைப் பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசினார்.

“கரண்டு போயிப் போயி வருதே புள்ள... போன மாசம் மண்ணு சரிஞ்சு போஸ்டெல்லாம் விழுந்து நாள்கணக்கா கரண்டே இல்ல. அதுல மெசினுக்கு மணி கொழம்பியிருக்குமோ?”

என்ன அருமையான பொய் தெரியுமா அது? முழுப் பொய்கூட அல்ல. இந்தச் சின்னப் பெட்டிகளுக்குள் நேரத்தைக் காத்துவைக்க ஒரு சிறிய மின்தேக்கி இருக்கிறது. கரண்ட் நாள்கணக்காக இல்லையென்றால் அது வற்றிவிடும், பெட்டிக்கு மணியும் உள்ளே போட்ட நேரமும் குழம்பிப்போகும். எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த குறை. ‘ஆமாங்க ஐயா, அப்படித்தான் இருக்கும்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் துரை நம்பியிருப்பார். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே வேறு பெட்டி மாற்றிக் கொடுத்திருப்பார். எல்லாரும் தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்!

ஆனால் எனக்கு அந்த நேரத்தில் கேட்டது வேறு. லயத்துப் பெண் செய்த மெசின் கெட்டுப்போய்விட்டது... அதுதான் கேட்டது. அந்த ஆங்கிலச் சொற்கள் இன்னும் காதுக்குள் இருந்தன.

“கொழம்பாதுங்க ஐயா” என்றேன். குரலை உயர்த்தியே சொன்னேன். “நான் எழுதுன மெசின் கரண்டு போனாலும் மணிய மறக்காது. எழுதுனது எழுதுனபடி நடக்கும்.”

முதலாளியின் முகம் மலர்ந்தது. துரை அடுத்த கேள்விக்குப் போனார்.

“பெட்டிக்குள்ள நேரத்த மாத்துறதுக்கு நம்பர் வேணுமாமே. அது யாருக்குத் தெரியும்?”

“எனக்கும் விக்டர் ஐயாவுக்கும்.”

“நீங்க ஹட்டன்ல இருக்கீங்க. அப்படின்னா கை வெச்சது இங்க உள்ள ஆள்தானே?”

தலையாட்டினேன்.

ஆம். இதுதான். இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்தது இந்த ஒரு தலையாட்டலுக்குத்தான். வாயால் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் பெயரை நான் காட்டிக்கொடுக்கவில்லை என்று பிறகு எத்தனையோ நாள் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். வாயால் சொல்லாவிட்டால் என்ன? கழுத்து சொல்லிவிட்டதே!

மாதக்கணக்காகப் பொய்யை எழுதி ஓடவிட்டவள் நான். ஒரு மனிதனைக் காப்பாற்ற ஒரு சின்னப் பொய் தேவைப்பட்ட அந்தக் காலையில் மட்டும் மெசினைப் பற்றி உண்மை பேசினேன். அப்படி ஒரு உண்மையை யார் கேட்டார்கள்?

விக்டர் ஐயா என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபம் இல்லை. ‘நான் பண்ணலங்க’ என்றுகூடச் சொல்லவில்லை. சாவிக்கொத்திலிருந்து பலகையின் சாவியை மட்டும் கழற்றிப் பலகையின் மேலேயே வைத்தார்.

“சரிங்க தொரை” என்றார். அதற்குப் பிறகு அங்கே நிற்கவில்லை.

துரை என் பக்கத்திலேயே நின்று நேரத்தைப் பழையபடி மாற்றச் சொன்னார். ஏணியை வாசிக்கத் தெரியாத அவர் கண்ணெதிரே கடைசிப் படியை அழித்தேன். நாலு முப்பத்தைந்து என்று போட்டேன். அன்று மாலை எங்கள் வேன் நுவரெலியாவைத் தாண்டியிருக்கும்போது அந்த மலையில் அம்மாவும் மற்றவர்களும் சங்குக்காகக் காத்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

விக்டர் ஐயாவை விசாரித்தார்கள். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லையாம். வேலை போயிற்று, வேலையோடு தோட்டத்து வீடும் போயிற்று. அவர் பொருட்களை லொறியில் ஏற்றிய அன்று மலையிலிருந்து பெண்கள் இறங்கிவந்து வழியனுப்பினார்களாம். சங்கை முந்தி ஊதவைத்தது அவர்தான் என்று தோட்டம் முழுக்க நம்பியது. என் அம்மா அவருக்காகக் கோயிலில் மெழுகுதிரி ஏற்றினாள். என்னையும் பக்கத்தில் நிற்கவைத்து, “அவரு மாதிரி மனுசன் இனி பொறக்கணும்” என்றாள். நான் செய்த திருட்டின் தண்டனையும் அவருக்கு, புகழும் அவருக்கு! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அந்தத் திரியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏன் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் எழுதிய பெட்டிகள் எங்கெங்கே இருக்கின்றனவோ அங்கெல்லாம் பலகையைத் திறப்பார்கள். கொட்டகலையில், இறம்பொடையில்... எல்லாவற்றிலும் கடைசிப் படி இருக்கிறது. அத்தனையையும் அழிப்பார்கள். அத்தனை பீலிகளும் மறுபடி இருட்டும். ஒருவரின் பெயரைத் துடைப்பதற்காக அவ்வளவு பேரின் வெளிச்சத்தை எடுத்துக்கொடுப்பதா? மாட்டேன்!

இது நியாயமா, சாக்கா? எனக்கே சில நாள் நியாயமாகத் தெரிகிறது. சில நாள், வேலை போய்விடுமே என்ற பயத்துக்குப் போட்ட நல்ல சட்டையாகத் தெரிகிறது. இரண்டும் இருக்கலாம். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட இதைச் சொன்னதில்லை. சொன்னால் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி மன்னித்து அனுப்பிவிடுவார். மன்னிப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சோறு தின்ன எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஒன்று மட்டும் மாற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகு எந்த ஸ்டோரிலும் அந்த ரகசிய எண்ணை இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும் என்று முதலாளியிடமும் துரைமாரிடமும் எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை பிடிபட்டால் கை காட்ட என்னைத் தவிர வேறு ஆள் இருக்காது.

விக்டர் ஐயா இப்போது கொட்டகலைக் கடைவீதியில் ஒரு பலசரக்குக் கடையில் இருக்கிறார். சீனியும் பருப்பும் நிறுத்துக் கொடுக்கிறார். அந்தப் பக்கம் வேலை இருந்தால் பஸ் ஏற அடுத்த தரிப்பு வரைக்கும் நடந்து போவேன், அவர் கண்ணில் படாமல் இருக்க. போன வாரம் மழை பிடித்துக்கொண்டது. நடக்க முடியவில்லை. கடைக்கு எதிரே ஒதுங்கி நின்றேன். அவர் பார்த்துவிட்டார்.

“ஜெசி புள்ள! ஏன் அங்கன நனையிற? வா, வா. பிளேன்டி ஒண்ணு குடிச்சிட்டுப் போ.”

போனேன். உள்ளே கடை முதலாளி கணக்குப் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தார். விக்டர் ஐயா எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார். மெலிந்திருந்தார். சட்டைக் கைகளை மணிக்கட்டு வரை பொத்தானிட்டிருந்தார், ஸ்டோரில் இருந்தபோது போடுவது மாதிரியே.

“மெசினெல்லாம் நல்லா ஓடுதா?”

“ஓடுதுங்க ஐயா.”

இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும் என்று தோன்றியது. திட்டட்டும், அடிக்கட்டும், எழுந்து போகச் சொல்லட்டும்.

“ஐயா... அந்த நாலு இருபது...”

அப்போது எதிர்மலையில் சங்கு ஊதியது.

அது என் சங்கு. அந்த ஸ்டோரின் பெட்டிக்கு எழுதியவள் நான். எத்தனை மணிக்கு ஊதும் என்று எனக்குக் கடிகாரம் பார்க்காமலே தெரியும். உள்ளேயிருந்த கடை முதலாளி தலையை நிமிர்த்தினார்.

“என்னா விக்டர், சங்கு இப்பவே ஊதுது? மணி என்னாச்சு?”

விக்டர் ஐயா சட்டைக் கையை விலக்கிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் அது தெரிந்தது. நாலரை ஆக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அவர் அவசரப்படவில்லை. பார்க்கவேண்டிய நேரம் வரை பார்த்தார். பிறகு சட்டைக் கையை இழுத்துவிட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“நாலரைங்க முதலாளி. அதான் சங்கு ஊதிருச்சே.”

கடை முதலாளி மறுபடி கணக்குக்குள் போய்விட்டார்.

கந்தப்பளை ஸ்டோரில் ஒவ்வொரு நாளும் பெட்டியின் திரைக்கு முன்னால் நின்றவர் அவர். திங்கட்கிழமைதோறும் ஒரு நிமிடம் இறங்கியதைப் பார்க்காமல் இருந்திருப்பாரா? எல்லாம் தெரிந்துதான் அன்றைக்கு என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். துரைக்கு முன்னால் என் கையில் ஒரு பொய்யை எடுத்துக் கொடுத்தார், நான் இருவரையும் காப்பாற்றிக்கொள்ள. அதை நான் தட்டிவிட்டேன். இந்த முறை எனக்கான பொய்யை அவரே சொல்லிவிட்டார்.

“குடி புள்ள, ஆறிரும்” என்று கோப்பையை என் பக்கம் நகர்த்தினார்.

குடித்தேன். பஸ் வந்தது. சொல்ல வந்ததைச் சொல்லாமலே ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர் யாருக்கோ பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பட்டறை மேசையில் புதிய பெட்டி ஒன்று இருந்தது. அடுத்த வாரம் இன்னொரு தோட்டத்துக்குப் போகவேண்டியது. விசிறிக்கு எழுதினேன், அடுப்புக்கு எழுதினேன், சங்குக்கு எழுதினேன். பிறகு கடைசிப் படியை எழுதினேன்.